பாதி ஜன்னல்

(இணையவழி இலக்கியக் கூடுகையில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

குவைத்தில் இப்போது மாலை நாலரை மணி. சிங்கப்பூர் நண்பர்கள் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். டொராண்டோவில் காலைக் காப்பி முடிந்திருக்கும். நான் ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதன் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று ஒருங்கிணைப்பாளர் ஒத்திகையின்போது சொன்னார். வெளியே 46 டிகிரி. அதனால் என் பேச்சு நீளுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம்.

'அன்றாட வாழ்வில் வீட்டு அழகியல்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் ஒருவரை அழைத்திருக்க வேண்டிய தலைப்பு இது. நான் படித்தது நர்சிங் டிப்ளமோ. கதைகள் எழுதுகிறேன் என்பதால் அழைத்துவிட்டார்கள். கட்டடப் பாணிகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஓர் அறைக்குள் கிடக்கும் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பது மட்டும் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் என்னால் பேச முடியும்.

நான் இருப்பது அப்பாசியாவில். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜிலீப் அல் ஷுயூக் பகுதியின் ஒரு துண்டு இது. இங்கே வாழ அரபி தெரிய வேண்டியதில்லை, மலையாளம் தெரிந்தால் போதும். பக்காலாவில் மரச்சீனிக்கிழங்கும் நேந்திரங்காயும் கிடைக்கும். சுவர்களிலும் கம்பங்களிலும் துண்டுத் தாள்கள் ஒட்டியிருக்கும். 'ஷேரிங்', 'பார்ட்டிஷன்', 'பெட் ஸ்பேஸ்', 'வேலைக்குப் போகும் பெண்கள் மட்டும்'. கீழ்ப்பகுதியைக் கீறிவிட்டு ஃபோன் நம்பரைப் பல தடவை எழுதியிருப்பார்கள், வேண்டியவர் கிழித்துக்கொண்டு போகலாம். ஒரு கட்டில் அளவு தரைக்குக்கூட வாடகை உண்டு என்பதை நான் இந்தத் தாள்களிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

2008இல் நானும் என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் ஒரு ஃபிளாட்டின் ஹாலில் பாதி. இரண்டு படுக்கையறைகளிலும் இரண்டு குடும்பங்கள். ஹாலின் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கோட்டயத்துக்காரச் சேச்சியும் அவர் கணவரும், இந்தப் பக்கம் நாங்கள். ஹாலுக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அலுமினியச் சட்டத்தில் இரண்டு கண்ணாடிகள். ஒன்று நகரும், ஒன்று நகராது. தடுப்பைப் போட்டவர் ரொம்ப நியாயமானவர். ஜன்னலைச் சரிபாதியாகப் பங்கு வைத்து, அதன் நடுச்சட்டத்திலேயே பலகையை முட்டி நிறுத்தியிருந்தார். நகரும் கண்ணாடி சேச்சி பக்கம் போனது, நகராத கண்ணாடி எனக்கு வந்தது.

எனக்கு நைட் டூட்டி, சேச்சிக்குப் பகல் டூட்டி. பகலில் தூங்குவதற்காக என் பாதியில் அலுமினியத் தாள் ஒட்டினேன். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். தெருவிலிருந்து பார்த்தால் சில ஜன்னல்கள் வெள்ளியாக மின்னுமே, உள்ளே யாரோ ஷிஃப்ட் வேலைக்காரர் தூங்குகிறார் என்று அர்த்தம். ஏசி சேச்சி பக்கம் இருந்தது. குளிர் இந்தப் பக்கமும் வர வேண்டும் என்று பலகையைக் கூரைக்கு ஓர் அடி கீழேயே நிறுத்தியிருந்தார்கள். குளிரோடு இருமல், ஜெபம், கணவன் மனைவி சண்டை, பழைய யேசுதாஸ் பாட்டு எல்லாமே வந்தன. டிசம்பரில் ஏசி தேவையில்லாதபோது சேச்சி பலகையைத் தட்டிக் கேட்பார்: "இத்திரி தொறக்கட்டே மோளே?" அவர் ஜன்னலைத் திறக்க என் சம்மதம் எதற்கு? காற்று பலகைக்கு மேலே ஏறி வந்து என் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அந்தப் பாதி அறையை நான் அலங்கரிக்காமல் இல்லை. அங்கேதான் என் வீட்டு அழகியல் தொடங்கியது. சூக் அல் ஜும்மாவில், அதாவது வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய திரைச்சீலை வாங்கினேன். செங்கல் படம் அச்சிட்ட ஒட்டுத்தாளைப் பிளைவுட்டில் ஒட்டினேன். பலகைச் சுவரில் செங்கல் படம்! இயேசு படத்தை மாட்ட ஆணி அடிக்க முடியாது, முனை சேச்சியின் தலையணைப் பக்கம் எட்டிப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்தான். கோடையில் பசை இளகிப் படம் விழுந்துவிடும். மாதம் ஒருமுறை திரும்ப ஒட்டுவேன்.

ஜன்னல் என்ற சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'ஜனேலா' என்பது மூலச்சொல். அதற்கு முன் நம்மிடம் இருந்த சொற்களில் ஒன்று 'காலதர்'. சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. ஆங்கிலச் சொல்லின் வேரும் பழைய வடஐரோப்பிய மொழியில் 'காற்றின் கண்' என்பதுதான். நெடுநல்வாடையை நான் படித்தது இங்கே வந்த பிறகு, ஒரு நைட் டூட்டியில். அதில் மழைக்குளிர் காலத்து வீடு வருகிறது. மடக்கி மாட்டிய விசிறியில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. வேனிற்காலத்தில் தென்றலைக் கொண்டுவரும் மேல்மாடிச் சாளரங்களை இப்போது அடைத்து வைத்திருக்கிறார்கள். எந்த ஜன்னல் எந்த மாதத்துக் காற்றுக்கு என்று தெரிந்து கட்டிய வீடு அது. எனக்குக் கிடைத்த பாதியில் காற்றும் வராது. கண் இருந்தும் பயனில்லை, எதிர்க் கட்டடத்து ஏசிகளின் முதுகுகள்தான் தெரியும்.

குவைத்துக்காரர்கள் இந்த வெயிலில் எண்ணெய் வருவதற்கு முன் எப்படி வாழ்ந்தார்கள் என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. 2016 ஜூலையில் இங்குள்ள மிட்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது. உலக வானிலை நிறுவனமே ஒப்புக்கொண்ட அளவு அது. ஏசி இல்லாத காலத்தில் மனிதர்கள் என்ன செய்திருப்பார்கள்? ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வளைகுடாச் சாலையில் இருக்கும் சாது இல்லத்துக்குப் போனேன். 1930களின் பழைய குவைத் வீடு, இப்போது நெசவுக்கான இடமாக இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எனக்கு என் அப்பச்சி வீடு ஞாபகம் வந்துவிட்டது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள்.

பழைய குவைத் வீடு தெருவுக்கு முகம் காட்டாது. வெளிச்சுவரில் ஜன்னல்கள் குறைவு, எல்லாம் உள்முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். முற்றத்துக்கு 'ஹோஷ்' என்று பெயர். வாசலுக்குப் பக்கத்தில் விருந்தினருக்கான திவானியா, உள்ளே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி முற்றம். சுவர் கடல் கல்லும் மண்ணும். கூரைக்கு 'சந்தல்' கம்புகள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் அலையாத்திக் காடுகளிலிருந்து பாய்க்கப்பலில் வந்தவை. அதன்மேல் மூங்கில் கீற்று, பாய், மண். கதவுக்கும் கப்பலுக்கும் தேக்கு நம் மலபாரிலிருந்து. அந்தக் கம்புகள் ஒரு நீளத்துக்கு மேல் கிடைக்காது. அதனால் அறைகளின் அகலம் மூன்று நாலு மீட்டரைத் தாண்டாது. ஆப்பிரிக்காவில் ஒரு மரம் வளரும் உயரம் குவைத்தில் ஒரு படுக்கையறையின் அகலத்தைத் தீர்மானித்திருக்கிறது. கோடை இரவுகளில் எல்லோரும் மொட்டை மாடியில்தான் படுப்பார்கள். இந்த வீடுகளை ரொம்பவும் புகழவும் கூடாது. 1934இல் ஒரு பெருமழை பெய்து நூற்றுக்கணக்கான மண்வீடுகள் கரைந்து விழுந்தன. இன்றும் அந்த ஆண்டை 'இடிந்த ஆண்டு' என்ற பொருளில்தான் இங்குள்ள முதியவர்கள் சொல்கிறார்கள். 1946இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. 1950களில் ஆங்கிலேய நிபுணர்களின் திட்டப்படி பழைய ஊரை இடித்தார்கள், நகர மதிலையும் 1957இல் இடித்தார்கள். குடும்பங்கள் புதிய வில்லாக்களுக்குப் போயின. வீட்டுக்கு நடுவில் இருந்த முற்றம் வீட்டைச் சுற்றியுள்ள காலி இடமாக மாறியது. அங்கே யாரும் உட்காருவதில்லை, கார் நிறுத்துகிறார்கள்.

சாது இல்லத்தில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. சாது என்பது பாலைவன பெதுவின் பெண்களின் நெசவு. சவூதியும் குவைத்தும் சேர்ந்து விண்ணப்பித்து 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. கூடாரத்தின் நடுவில் ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் பிரிக்க ஒரு தடுப்புத் துணி தொங்கும். அவர்கள் நெய்வதிலேயே அதிக வேலைப்பாடு அந்தத் தடுப்புத் துணியில்தான். கறுப்பு, சிவப்பு, வெள்ளை. நான் அதன் முன்னால் நின்று சிரித்துவிட்டேன். கூட வந்த தோழி என்னவென்று கேட்டாள். "பார்ட்டிஷன்டீ, நம்ம பார்ட்டிஷன்" என்றேன். ஆனால் இது கம்பளித் தடுப்பு. மறுநாள் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். மூச்சு உள்ளே போய் வரும்.

நம்முடைய தடுப்பு என்ன செய்யும் என்பதைக் குவைத்தில் வாழும் எல்லோரும் 2024 ஜூன் 12ஆம் தேதி தெரிந்துகொண்டோம். மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீ. தரைத்தளத்தில் காவலாளி அறையின் மின்கசிவு என்று தீயணைப்புத் துறை சொன்னது. அறைகளைப் பிரிக்க எளிதில் தீப்பற்றும் பொருள்களைப் பயன்படுத்தியிருந்ததால்தான் அவ்வளவு கரும்புகை என்றும் செய்திகளில் வந்தது. ஐம்பது பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏழு பேர். தீக்காயத்தைவிடப் புகைதான் பலரைக் கொன்றது. ஒரு நர்சாக எனக்கு அதன் அர்த்தம் தெரியும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பிடிப்போடு. தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்கவே மாட்டார்.

அன்று பகல் முழுக்க ஊரிலிருந்து ஃபோன். மங்காஃப் எங்கே அப்பாசியா எங்கே என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். இரவு என் கண் போனது எங்கள் வீட்டுக்குள். அப்போது நாங்கள் தனி ஃபிளாட்டுக்கு வந்து பல வருடமாகிவிட்டது. ஆனாலும் பால்கனிக் கதவை மறைத்து ஓர் அலமாரி நின்றது. அதை அங்கே வைத்தவள் நான்தான். 'அழகாக' இருக்கிறது என்று. நானும் அவரும் சத்தமில்லாமல் அதை நகர்த்தினோம். மகள் எழுந்து வந்து "என்னம்மா, இப்பவா?" என்றாள். பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரங்களில் கட்டடம் கட்டடமாகச் சோதனை நடந்தது. தடுப்புகளை உடைத்தார்கள். நல்லதுதான் என்று எழுதிவிட்டுப் போகலாம், என்னால் முடியவில்லை. பலகையை உடைத்தால் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எங்கே போவார்? சம்பளம் அதே சம்பளம். எனக்குத் தெரிந்த ஒரு கிளீனர் பெண் நான்கு நாட்கள் தன் பெட்டிகளை எங்கள் வீட்டில் வைத்திருந்தார். பிறகு ஓர் இடம் கிடைத்தது. அங்கே தடுப்பு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் பணம் இல்லாததால், வேறு வழி இல்லாததால் நாம் ஏற்றுக்கொள்ளும் சுவர்கள். நான் சொல்ல வந்தது இதைவிடச் சங்கடமானது. பணம் இருந்து, வழியும் இருந்து, முழுச் சுதந்திரத்தோடு நான் கட்டிய ஒரு வீட்டைப் பற்றி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கம் எங்கள் ஊர். பத்மநாபபுரம் அரண்மனை கூப்பிடு தூரம். பள்ளிக்கூடத்தில் இருந்து வருடாவருடம் கூட்டிக்கொண்டு போவார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லும் அந்தக் கறுப்புத் தரையில் வெறுங்காலோடு நின்றது இப்போதும் உள்ளங்காலில் இருக்கிறது. எங்கள் வீடு அரண்மனை இல்லை, ஓட்டு வீடு. மங்களூர் ஓடு. அந்த ஓட்டை நம் பக்கம் பரப்பியவர்கள் பாசல் மிஷன்காரர்கள். மதம் மாறியதால் பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1860களில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் சின்னதாக ஒரு முற்றம், பின்னால் அடுக்களையை ஒட்டி ஒரு சாய்ப்பு. அம்மாவின் பகல் முழுக்க அந்தச் சாய்ப்பில்தான்.

அப்பாசியாவின் பாதி ஹாலில் கிடந்த வருடங்களில் இரவு டூட்டி முடிந்து வந்து நான் பார்த்ததெல்லாம் வீடுகளின் வீடியோக்கள். என்னோடு வேலை பார்த்த எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஒருத்தி செட்டிநாட்டுத் தூண் வேண்டும் என்பாள், ஒருத்தி துபாய் வில்லா போல என்பாள். இஞ்சினியர் எங்களுக்கு மூன்று பாணிகள் காட்டினார்: காண்டெம்பரரி, கொலோனியல், டிரெடிஷனல். ஓட்டல் மெனு போல. நான் காண்டெம்பரரி எடுத்தேன். பெட்டி பெட்டியாக, வெள்ளையும் சாம்பலும், மேற்கே தெருவைப் பார்த்து மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடி. பாதி ஜன்னலோடு மல்லுக்கட்டியவள் முழுச்சுவரையும் ஜன்னலாக்கிக்கொண்டேன். அது திறக்காது என்பதைக் கவனிக்கவில்லை. ஓட்டு வீட்டை இடிக்கும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தச் சாய்ப்பையாவது விட்டு வை மக்கா." விடவில்லை. எலிவேஷன் கெட்டுப்போகும் என்றேன். அந்தச் சொல் அம்மாவுக்குப் புரியாது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

பால்காய்ப்புக்கு லீவில் போனேன். போதகர் ஜெபித்தார், எல்லோரும் படம் எடுத்தார்கள். அம்மா வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொள்ளாம் மக்கா. எங்க இருக்கதுன்னுதான் தெரியல்ல."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த லீவில் போனபோது அம்மாவின் கட்டில் பின்பக்க வொர்க் ஏரியாவில் கிடந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் நல்ல அடுக்களை ஒன்று காட்டுவதற்கும், பின்னால் கம்பி போட்ட வொர்க் ஏரியா ஒன்று சமைப்பதற்கும் உண்டு. அந்தக் கம்பி வழியாகத்தான் வீட்டில் காற்று வந்தது. மேற்குக் கண்ணாடி நாலு மணிக்கு மேல் ஹாலை அடுப்பாக்கிவிடும். ஏசி போடச் சொன்னால், எதுக்கு வெறுதே கரண்டு என்பார். மூன்று படுக்கையறை வீட்டில் அம்மா வாழ்ந்தது எட்டுக்குப் பத்தில்.

அங்கிருந்து ஒருநாள் காலை ஹாலுக்கு வந்தபோதுதான் விழுந்தார். துடைத்த ஈரம் காயவில்லை. கண்ணாடி போல மின்னும் விட்ரிஃபைட் டைல், நானே வீடியோ காலில் தேர்ந்தெடுத்தது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது.

நான் வேலை செய்யும் வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மார்ஸ் அளவுகோல் போட வேண்டும். விழும் அபாயத்தைக் கணக்கிடும் படிவம். ஆறு கேள்விகள். முன்பு விழுந்திருக்கிறாரா, நடக்க எதைப் பிடிக்கிறார், நடை எப்படி என்று. பல்லாயிரம் தடவை நிரப்பியிருப்பேன். வார்டில் தரை ஈரமாக இருந்தால் மஞ்சள் பலகை வைக்காமல் நகர மாட்டேன். 72 வயது அம்மாவுக்கு ஒரு வீடு கட்டும்போது அந்த ஆறு கேள்விகளில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்போது நான் நர்ஸ் இல்லை, வீடு கட்டுகிற வளைகுடாக்காரி. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை எப்படித் திருப்பிக் கொண்டுபோனார்கள் என்று தம்பி சொல்லித்தான் கேட்டேன். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அடுத்தது. சக்கர நாற்காலி போக 32 அங்குலமாவது வழி வேண்டும். எங்கள் குளியலறைக் கதவு விட்ட வழி 27 அங்குலம்.

எங்கள் தொழிலின் தாய் என்று நாங்கள் சொல்லும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட 'நோட்ஸ் ஆன் நர்சிங்' நூலில் காற்றைப் பற்றித்தான் தொடங்குகிறார். அடுத்த அத்தியாயம் வீட்டின் ஆரோக்கியம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், கழிவுநீர் வழி, சுத்தம், வெளிச்சம் என்று ஐந்து. மருந்து பிறகு. படுத்திருப்பவர் எழாமலே ஜன்னலுக்கு வெளியே பார்க்க முடிய வேண்டும் என்கிறார். டிப்ளமோ முதல் வருடம் இந்த ஐந்தையும் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்த 46 பேர். பாதிப் பேர் படுக்கையிலிருந்து மரங்கள் தெரிந்தன, மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். நான் அப்பாசியாவில் பிளைவுட்டில் ஒட்டிய செங்கல் படம் நினைவு இருக்கிறதல்லவா?

லாரி பேக்கர் என்ற பெயரையும் அம்மா விழுந்த பிறகுதான் நான் தேடிப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், திருவனந்தபுரத்தில், 2007இல் இறக்கும்வரை வாழ்ந்தவர். கட்டடம் படித்த ஆங்கிலேயக் குவேக்கர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவ உதவிக் குழுவில் வேலை செய்து, தொழுநோயாளிகளைப் பராமரித்தவர். நம்ம ஆள் என்று எனக்குத் தோன்றியது அதைப் படித்ததும்தான். ஊருக்குத் திரும்பக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னது அவர் வாழ்க்கை முழுக்க நின்றது. அவர் கட்டிய சுவர்களில் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டு, ஜன்னலே இல்லாமல் காற்றும் வெளிச்சமும் வடிகட்டி வரும். சாதாரணச் செங்கல்தான், இத்தாலியிலிருந்து எதுவும் வரவில்லை. டாக்டரான அவர் மனைவி எலிசபெத்தோடு இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பதினாறு வருடம் மருத்துவமனை நடத்தியிருக்கிறார். நோயாளிகளுக்கு நடுவில் வாழ்ந்தவர் கட்டும் வீடு வேறு மாதிரி இருக்கும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானும் நோயாளிகளுக்கு நடுவில்தான் வாழ்கிறேன், நான் கட்டிய வீட்டைச் சொல்லிவிட்டேன்.

போன வருட லீவில் கொத்தனாரை வரச்சொன்னேன். குளியலறைக் கதவை 36 அங்குலமாக்கினோம். இரண்டு பக்கமும் கைப்பிடி. ஹால் டைலைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான தரை. மேற்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கே இடைவெளி விட்டுச் செங்கல் கட்டச் சொன்னேன். ஃபோனில் பேக்கர் கட்டிய சுவரின் படத்தைக் காட்டினேன். கொத்தனார் படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, இது கோழிக்கூடு போல இருக்குமே. ஆளுக சிரிக்க மாட்டாவளா?" சிரிக்கட்டும் என்றேன். சிரிக்கவும் செய்தார்கள். பக்கத்து வீட்டு மாமி, குவைத்தில் பணம் தீந்துபோச்சா என்று அம்மாவிடமே கேட்டாராம். அம்மா வாக்கரோடு இப்போது ஹாலுக்கு வருகிறார். நான்கு மணிக்குச் செங்கல் ஓட்டை வழியாக வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழும். அதில் நெத்திலி காயப் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். கட்டில் மட்டும் இன்னும் வொர்க் ஏரியாவில்தான். அதை மாற்ற அவருக்கு மனசில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

இங்கே அப்பாசியாவில் என் அறையை இந்தக் கேமராவில் பார்க்கிறீர்கள். பின்னால் தெரிவது சோஃபா இல்லை. திவானியா போலச் சுவரை ஒட்டி மெத்தைகள். போன கிறிஸ்துமஸுக்குப் பதினான்கு பேர் உட்கார்ந்தோம். பால்கனிக் கதவுக்கு முன்னால் ஒன்றுமில்லை. வலது பக்கம் தெரிவது சாது நெசவு இல்லை, முபாரக்கியாவில் வாங்கிய இயந்திரத் தயாரிப்பு. அசல் என் சம்பளத்துக்கு எட்டாது. ஜன்னல் முழு ஜன்னல், இரண்டு பக்கமும் நகரும்.

கோட்டயத்துச் சேச்சி ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். பெரிய வீடு கட்டியிருக்கிறார். போன வாரம் வீடியோவில் சுற்றிக் காட்டினார். எல்லா அறைகளையும் பார்த்துவிட்டு, "சேச்சி, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்?" என்று கேட்டேன். அவரும் நர்ஸ்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டேப் எடுத்து வரப் போனார்.

வியர்த்துக் கொட்டுகிறது, மன்னியுங்கள். ஏசியைப் போட்டுவிடுகிறேன். இரைச்சல் இருக்கும். பரவாயில்லையென்றால் கேள்விகளைக் கேளுங்கள், ஏழு மணிக்கு எனக்கு டூட்டி.